அறையில் நிறையத் தூசி

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் மூன்று மஞ்சள் சீட்டுகள் கிடக்கின்றன. பின்புறத்துப் பசை எப்போதோ காய்ந்துவிட்டது. மூன்றிலும் ஒரே கையெழுத்து. நீல மையில், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவதுபோலப் பெரிது பெரிதாக, பேனையை அழுத்தி எழுதிய டேனிஷ். முதலாவது சீட்டில் இருப்பதைத் தமிழில் சொன்னால், "அறையில் நிறையத் தூசி. தயவுசெய்து உதவி செய்யவும்" என்று வரும். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. பிழை இல்லாமல் எழுதியிருந்ததுதான் என்னை ஏமாற்றியது. ஒரு எழுத்தாவது தவறியிருந்தால் நான் நின்று யோசித்திருப்பேனோ என்று இப்போதும் சில நாட்களில் எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். யோசித்திருக்கமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

டென்மார்க்கில், வைலே நகரத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பழைய செங்கல் கட்டடம் ஒன்றில் எங்கள் நிறுவனம் இருக்கிறது. தண்ணீர்க் குழாய், வால்வு, குளியலறைச் சாமான்களை மொத்தமாக விற்பது தொழில். கணினி சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். இருபத்துநான்கு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் படிப்பை முழுதாக முடித்தவன் நான்தான் முதல். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா அந்த அளவும் போகவில்லை. என் பெயரும் படமும் போட்ட அலுவலக அட்டையை நான் முதல் நாள் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, அப்பா அதைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கழட்டாதை, படம் ஒண்டு எடுப்பம்" என்றார். அந்தப் படம் எத்தனை நாட்டுக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு நான் எதைச் செய்தாலும் அந்தப் படத்தைப் பார்த்த எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல ஒரு எண்ணம் எனக்குள் நடந்துகொண்டே இருந்தது.

எனது பொறுப்பில் இருந்தவற்றுள் பெரியது சேர்வர் அறை. வாடிக்கையாளர் அனுப்பும் கட்டளைகள், கையிருப்பு, கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் இரவுபகலாக ஓட்டும் கணினிகள் இரண்டு இரும்பு அடுக்குகளில் அங்கே இருந்தன. பெயர்தான் சேர்வர் அறை. உண்மையில் அது பாதி நிலத்துக்குள் இறங்கிய பழைய சாமான் அறை. நாலு எட்டு வைத்தால் மறுசுவர் வந்துவிடும். ஃபியோர்ட் என்னும் கடற்கழியின் தண்ணீர் இருநூறு அடி தள்ளித்தான். இலையுதிர் காலம் வந்தால் சுவர் வேர்க்கும். எனக்கு முன் இருந்தவரின் காலத்தில் ஈரம் ஏறி ஒரு கணினி செத்து, நிறுவனம் இரண்டு நாள் எழுதிவைத்த கட்டளை எதுவும் இல்லாமல் நின்ற கதையை, சேர்ந்த முதல் கிழமையிலேயே மூன்று பேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள். குளிர்காலத்தில் நேர்மாறு. வெப்பமூட்டி காற்றை உலர்த்திவிடும்; இரும்பு அடுக்கைத் தொட்டால் விரல் நுனியில் பொறி தட்டும். அந்தப் பொறியும் கணினிக்கு ஆகாது. ஈரப்பதன் நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் நிற்கவேண்டும். தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை அளவுமானியை வாங்கி அடுக்கில் ஒட்டினேன். அது எழுபத்தெட்டு என்று காட்டிய அன்று காலை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் ஈரம் உறிஞ்சும் பெரிய இயந்திரம் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். புயல் நாட்களில் ஃபியோர்ட் பொங்கினால் அந்தத் தரையில் தண்ணீர் கசியும் என்பதால் அதைத் தரையில் வைக்கப் பயந்தேன். இடைச்சுவரில் இரும்புத் தாங்கி அடித்து, அதன் மேல் ஏற்றினேன். மெல்லிய பலகைச் சுவர் அது. என் பக்கத்திலிருந்து பார்த்தால் வேலை சுத்தமாக இருந்தது. கணினிகளின் காற்றாடிச் சத்தத்துக்குள் அந்த இயந்திரத்தின் சத்தம் தனியாகக் கேட்கவில்லை. கேட்டாலும் நான் காதுக்குள் பாட்டு மாட்டிக்கொண்டு வேலை செய்பவன். மூன்றாம் நாள் அளவுமானி ஐம்பது காட்டியது. அதைப் படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பினேன். என்னிடம் ஈரம் அளக்கக் கருவி இருந்தது. சத்தம் அளக்க ஒன்றும் இருக்கவில்லை.

அந்தச் சுவரின் மறுபக்கத்தில்தான் அண்ணை இருந்தார்.

வயதுக்கு நான் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டிருக்கவேண்டும். முதல் நாள் அப்படித்தான் கூப்பிட்டேன். "அங்கிள் எண்டு சொல்லி என்னைக் கிழவனாக்கிப் போடாதை. மன்னாரில எழுபது வயசுக்காரனும் அண்ணைதான்" என்றார். மெலிந்த, உயரமான மனிதர். சட்டைக்குள் செபமாலை தெரியும். இருபது வருடத்துக்கு மேல் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் நின்றவர். அங்கே இரைச்சலில் காதை விட்டிருந்தார். கேட்கும் திறன் குறைந்ததோடு, இரண்டு காதுக்குள்ளும் ஓயாத ஒரு கூவல் வந்து குடியேறிவிட்டது. தொழிற்சாலை அவரை நிறுத்தியபின், கொம்மூன என்று நாங்கள் சொல்லும் நகரசபை, அவரால் இனி எவ்வளவு வேலை செய்யமுடியும் என்று சோதித்துப் பார்ப்பதற்காக எங்கள் நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தது. பதின்மூன்று கிழமை. ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் குழாய்களைப் பிரித்துப் பார்த்து, பழுதை எழுதி, சீட்டுக் கட்டி அடுக்குவது வேலை. கட்டடத்திலேயே அமைதியான அறை என்று தேடித்தான் அந்த அறையை அவருக்குக் கொடுத்தார்கள். பதின்மூன்று கிழமையைச் சரியாக முடித்தால் அரைநேர வேலை நிரந்தரமாகக் கிடைக்கும். முடியாவிட்டால் ஓய்வூதியம், வீடு. வேறு பலர் அந்த ஓய்வூதியத்துக்காக வருடக்கணக்கில் விண்ணப்பித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது வேண்டாம்.

"வீட்டில இருந்தனெண்டால் உவனோடதான் கதைச்சுக்கொண்டிருக்க வேணும்," என்று தன் காதைத் தொட்டுக் காட்டுவார். "வாடகை தராமல் இருக்கிறான். எழுப்பவும் ஏலாது. ஆக்களுக்கை இருந்தால் கொஞ்சம் அடங்குவான்."

நான் இயந்திரத்தைப் பொருத்திய அன்று அவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "உதுகளுக்கு என்ன சொகுசு, ராசா! குளிருக்கு ஒரு மெஷின், ஈரத்துக்கு ஒரு மெஷின். நான் தும்மினாத் திரும்பிப் பாக்க ஆளில்லை." பிறகு, "எங்கட அம்மா உப்புப் போத்தலுக்கை நாலு அரிசி போடுவா. அவ்வளவுதான், உப்பு கசியாது. நீ ஒரு கிலோ சம்பா கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மேல்மாடிக்குக் கேட்டிருக்குமோ என்று உடனே படிக்கட்டைப் பார்த்தேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. முந்தைய கிழமை மதியச் சாப்பாட்டின்போது நாங்கள் இருவரும் தமிழில் கதைத்துக்கொண்டிருந்தோம். அலுவலக மேலாளர், நல்ல பெண்மணி, தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தபடி, "மேசையில் இருக்கிற எல்லோருக்கும் விளங்கினால் இன்னும் இனிமையாக இருக்கும்" என்றார். சிரித்துக்கொண்டு, கோபம் ஒன்றும் இல்லாமல்தான் சொன்னார். அது சாப்பாட்டு மேசைக்குச் சொன்ன வார்த்தை. நான் அதை முழுக் கட்டடத்துக்கும் சட்டமாக்கிக்கொண்டேன். எனக்கும் ஆறு மாதச் சோதனைக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரம் பொருத்திய மறுநாள் அண்ணையைத் தாழ்வாரத்தில் மறித்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணை, குறை நினையாதேங்கோ, வேலை நேரத்தில டேனிஷிலையே கதைப்பம்" என்றேன். குரலைத் தாழ்த்தியதால் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொல்லவேண்டியிருந்தது. இரண்டாம் தடவை சொல்லும்போதுதான் அது எவ்வளவு அசிங்கமான வசனம் என்று எனக்கே கேட்டது. அவர் என் அட்டையைப் பார்த்தார். "ஓம் தம்பி. நீ சொல்லுறது சரி. நீ முன்னுக்கு வரவேண்டிய பிள்ளை," என்றார். அன்றிலிருந்து என்னைக் கண்டால் தலையைச் சற்றுக் குனிந்து டேனிஷில் காலை வணக்கம் சொல்வார். அதில் கொஞ்சம் கேலி இருந்தது. நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ள மறுத்தேன்.

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் முதல் மஞ்சள் சீட்டு சேர்வர் அறைக் கதவில் ஒட்டியிருந்தது. மேல்மாடி ஆட்கள் முறைப்பாட்டைக் கணினியில் எழுதுவார்கள். கீழே இருப்பவர்கள் சீட்டு எழுதி ஒட்டுவார்கள். நான் அதைக் கணினியில் ஏற்றி, வேலை முடிந்ததும் "முடிந்தது" என்று மூடவேண்டும். அறையில் நிறையத் தூசி. படித்தவுடன் எனக்குக் கவலை என் கணினிகளைப் பற்றித்தான். தூசியும் ஈரமும் சேர்ந்தால் காற்றாடிகளுக்குள் களிபோல அப்பிக்கொள்ளும். துப்புரவாளரைக் கூப்பிட்டேன். காற்று வடிகட்டிகளை மாற்றினேன். தூசி கிளம்பும்போது காற்றை இழுக்கும் எதுவும் ஓடக்கூடாது என்று படித்திருந்ததால், வேலை தொடங்குமுன் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை நிறுத்தினேன். முடிந்ததும் அண்ணையின் அறைக்குப் போய், "இப்போது பரவாயில்லையா?" என்று டேனிஷில் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், முகம் விரிந்தது. "நல்லது, மிக நல்லது, நன்றி," என்றார் டேனிஷில். நான் திரும்பிவந்து இயந்திரத்தைப் போட்டேன். "முடிந்தது" என்று மூடினேன்.

இரண்டாவது சீட்டு: "மீண்டும் தூசி. முழு நாளும். தலை இடிக்கிறது." இந்தமுறை நானே தூசி உறிஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் என் இயந்திரத்தை நிறுத்தினேன், முறைப்படி. பிறகு அண்ணையின் அறையில் அரை மணித்தியாலம் மூலைமுடுக்கெல்லாம் உறிஞ்சினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்தியபடி, அவர் கதிரையிலேயே இருந்தார். எழுந்து போகவில்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. உதவி கேட்டவர் முகத்தைச் சுளிக்கிறாரே என்று. நிறுத்தியதும் அறை அடங்கியது. அவர் கையை மெல்ல எடுத்து, அதே சிரிப்போடு, "நன்றி," என்றார்.

மூன்றாவது சீட்டில், "தூசி சுவரிலிருந்து வருகிறது" என்று இருந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்தேன். புதிதாகப் பூச்சு அடித்த சுவர். சுட்டுவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு இழுவை இழுத்து, விரலை அவருடைய முகத்துக்கு நேரே உயர்த்திக் காட்டினேன். பாருங்கள், ஒன்றும் இல்லை என்று வாய் திறக்காமல் அந்த விரலாலேயே சொன்னேன். அவர் அந்த விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாகத் தலையாட்டினார். அதன் பிறகு சீட்டு வரவில்லை. நான் கணினியில் எழுதிய குறிப்பு எனக்கு மனப்பாடம்: மூன்று முறை பரிசோதிக்கப்பட்டது. தூசி எதுவும் காணப்படவில்லை. முடிந்தது.

ஆறு கிழமை போனது. அண்ணை காலையில் வருவார், மூன்று மணித்தியாலம் இருப்பார், போவார். முகம் சாம்பலாகிக்கொண்டு வந்ததை நான் காணாமல் இல்லை. அதற்கு மாரிகாலம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். இந்த நாட்டில் நவம்பரில் யாருடைய முகம்தான் சாம்பல் இல்லை? ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் தேநீரில் சீனி போட்டுக் கலக்கினார், கலக்கினார், கலக்கிக்கொண்டே இருந்தார். மேலாளர் அவருடைய தோளைத் தொட்டு, நலமா என்று கேட்கும்வரை கரண்டி சுற்றிக்கொண்டே இருந்தது. நான் எதிரேதான் இருந்தேன். என் வாயில் தமிழ் வந்தது. மேசை நிறைய ஆட்கள். விழுங்கிவிட்டேன்.

பதின்மூன்றாம் கிழமை முடிவில் கொம்மூனவிலிருந்து ஒரு பெண் வந்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கூட்டம் நடந்தது. அடுத்த திங்கள் அண்ணை வரவில்லை. மூன்று மணித்தியாலம்கூட அவருக்கு முடியவில்லையாம், என்ன செய்வது, ஓய்வூதியம் கிடைத்துவிடும், அவருக்கும் அது நல்லதுதானே என்றார் மேலாளர். ஓம் என்றேன். டேனிஷில்தான்.

அந்த அறைக்கு இணைய இணைப்பு ஒன்று இழுக்கவேண்டி வந்தது பத்து நாள் கழித்து. காலை பத்து மணி. கம்பியோடு மேசைக்கு அடியில் தவழ்ந்து, சுவரோரம் தலையை வைத்தேன். அப்போதுதான் அதைக் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வது சரியா தெரியவில்லை. முதலில் அது என் கடைவாய்ப் பல்லில்தான் வந்தது. பிறகு மண்டைக்குள். சுவர் முழுவதும் ஒரு பறைத்தோல் போல ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. சில நிமிடம் நிற்கும். அப்பாடா என்று மூச்சு விடும்போது டொம் என்று ஒரு இடி இடித்துவிட்டு மறுபடி தொடங்கும். அது தொடங்கும் ஒவ்வொரு முறையும், அடுக்கில் இருந்த குழாய்கள் ஒன்றோடொன்று மோதி மெல்லிதாகக் கிணுகிணுத்தன. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். மேசையின் மறைவில், சுவரின் கீழ்ப்பகுதி முழுக்க, குழாய்ப் பெட்டிகளுக்குள் வரும் பஞ்சு மட்டைகள் ஒட்டப்பட்டிருந்தன. சரியான அளவில் வெட்டி, இடைவெளி இல்லாமல், நாடா போட்டு ஒட்டியிருந்தார். மேசைக்கு மேலே வெளியில் தெரியும் இடத்தில் ஒன்றுகூட இல்லை. தூசிக்கு யாரும் சுவரில் பஞ்சு ஒட்டமாட்டார்கள்.

அன்று பின்னேரமே அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி கதவைத் திறந்தார். வானொலி மிகத் தாழ்வாக ஏதோ கதைத்துக்கொண்டிருந்தது. "அது ஒருதரும் கேக்கிறேல்லை, தம்பி," என்றார் அக்கா. "அவரின்ரை காதுச் சத்தத்தை மூடுறதுக்கு." அண்ணை என்னைக் கண்டதும் எழுந்து, பழக்கத்தில், டேனிஷில் வணக்கம் சொன்னார். அந்த வணக்கத்தில் இந்தமுறை கேலி இல்லை. அதுதான் என்னால் தாங்கமுடியாமல் இருந்தது.

"அண்ணை, நீங்கள் எழுதினது சத்தத்தைப் பற்றியோ?" என்றேன்.

"பின்னை? மூண்டு தரம் எழுதினன்தானே."

"நீங்கள் தூசி எண்டெல்லோ எழுதினனீங்கள்."

அவருக்கு விளங்கவில்லை. டேனிஷில் சத்தத்துக்கு ஸ்டொய் என்று பெயர். தூசிக்கு ஸ்டௌ. எழுத்தில் கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். நான் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். அவர் என் வாயைப் பார்த்தார். இன்னொரு தரம், சத்தமாகச் சொன்னேன். காதை என் பக்கம் திருப்பினார். ஸ்டொய். ஸ்டௌ.

"ரெண்டும் ஒண்டுதானே, தம்பி?" என்றார்.

அவருக்கு அது ஒன்றுதான். காது போகும்போது முதலில் போவது சொல்லின் நுனி என்று பிறகு அவரே விளக்கினார்: "சொல்லின்ரை தலை கேக்கும். வால் கேக்காது." தொழிற்சாலை வாசலில் இரண்டு எச்சரிக்கைப் பலகை பக்கத்துப் பக்கத்தில் இருந்ததாம். ஒன்றில் காது மூடி, மற்றதில் முகமூடி. ஒரே சொல்லை ஏன் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று வருடக்கணக்கில் யோசித்தாராம். எங்களுக்குச் சீட்டு எழுதும்போது அந்தப் பலகைகளை நினைவில் கொண்டுவந்து, அதில் ஒன்றைப் பார்த்து எழுதியிருக்கிறார். அதனால்தான் எழுத்துப் பிழை இல்லை. எந்தச் சத்தம் அவருடைய காதைத் தின்றதோ, அந்தச் சத்தத்தின் பெயரையும் சேர்த்தே தின்றுவிட்டது.

"நான் வந்து பாத்தனான்தானே அண்ணை. அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீ வரேக்கை அது நிண்டுது. நீ போகத் திரும்பத் தொடங்கிச்சு. சரி, பெடியன் திருத்திக்கொண்டிருக்கிறான், ஒரு நாளைக்குச் சரிவரும் எண்டு நினைச்சன். பேந்து நீ ஒரு விரலைத் தூக்கிப் பொறுங்கோ எண்டு காட்டினனி. பொறுத்தன்."

அந்த விரலை நான் என் மடியில் மற்றக் கையால் மூடிக்கொண்டேன். ஆறு கிழமை. தமிழில் ஒரு வார்த்தை, என்னிடம் வந்து தமிழில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"வேலை நேரத்தில டேனிஷ் எண்டு நீதானே சொன்னனி," என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. நான் மறந்துவிட்டேனோ என்று நினைவூட்டும் குரல். "மேலை போய்ச் சொல்லவும் மனம் வரேல்லை. எங்கட பிள்ளை ஒண்டு மேசை வேலையில இருக்குது. நான் போய் உன்ரை மெஷினைப் பற்றிக் கோள் சொல்லுறதோ?"

அக்கா உள்ளேயிருந்து ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். கொம்மூனவின் முடிவு. பத்துப் பக்கம். அவர்கள் இருவருக்கும் முழுதாக வாசிக்க முடியவில்லை, நீ ஒருக்கால் பார் என்றார். நாலாம் பக்கத்தில் அது இருந்தது. வேலையிடத்தில் தூசி இருப்பதாக அவர் திரும்பத் திரும்ப முறையிட்டார். நிறுவனம் மூன்று முறை பரிசோதித்தும் தூசி எதுவும் காணப்படவில்லை. எனவே அவருடைய சிரமத்துக்கு வேலையிடத்தில் காரணம் இல்லை. எவ்வளவு வசதி செய்து கொடுத்தாலும் அவரால் வேலை செய்ய இயலாது. என் வசனம். நான் "முடிந்தது" என்று மூடிய வசனம், சொல் மாறாமல் அங்கே இருந்தது. கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். "இருபத்தாறு வருஷம் இந்த நாட்டில இருந்திட்டு, ஓம் வேணும் எண்டு என்னெண்டு சொல்லுறது?" என்றார் அண்ணை. "என்ன தம்பி எழுதியிருக்கு?"

வாசித்துச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அது என்று நினைக்கிறேன். அவர் கடிதத்தை வாங்கி மடித்தார். "அப்ப அவையள் என்னை விசரன் எண்டு நினைச்சிருக்கினம்," என்றார். "இல்லாத தூசியைப் பற்றிக் கதைக்கிறான் எண்டு." பிறகு, என் முகத்தைப் பார்த்திருப்பார்போல, "நீ தேத்தண்ணியைக் குடி, ஆறுது" என்றார்.

மறுநாள் இயந்திரத்தை இடைச்சுவரிலிருந்து கழற்றினேன். வெளிப்பக்கத்துச் செங்கல் சுவரில், ரப்பர் கட்டைகள் வைத்து, புதிதாகத் தாங்கி அடித்தேன். இடைச்சுவரில் சத்தம் உறிஞ்சும் கம்பளிப் பலகை ஏற்றினேன். கதவு இடுக்கை அடைத்தேன். மதியத்துக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணையின் கதிரையில் உட்கார்ந்து பார்த்தேன். குழாய்கள் அசையவில்லை. அளவுமானி ஐம்பதிலேயே நின்றது. அரைநாள் வேலை. அந்த அரைநாளை முதலாவது சீட்டு வந்த அன்றே செய்திருக்கலாம்.

மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் கேட்டார். யாருக்குத்தான் தெரிந்திருக்கும், உன்னை நீயே வருத்தாதே என்றார். எனக்குத் தெரிந்திருக்கமுடியும் என்பதை அவருக்கு விளக்க என் டேனிஷ் போதவில்லை. இருவருமாகக் கொம்மூனவுக்குக் கடிதம் எழுதினோம். வந்த பதில் மரியாதையாக இருந்தது. முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, ஓய்வூதியம் வழங்கப்பட்டுவிட்டது, விண்ணப்பதாரரும் கையொப்பமிட்டுவிட்டார். அண்ணைக்கு அதைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். "சரி விடு. உன்ரை சோதனைக் காலம் முடிஞ்சுதோ?" என்றார். முடிந்தது, நிரந்தரமாக்கிவிட்டார்கள் என்றேன். "அது போதும்" என்றார். அது போதாது என்று அவருக்கும் தெரியும்.

இப்போது நான்கு வருடம். அண்ணையும் அக்காவும் மகளோடு இருக்க ஒடென்சே நகருக்குப் போய்விட்டார்கள். தொலைபேசியில் அவருக்குக் கேட்காது. நத்தாருக்கும் வருடப்பிறப்புக்கும் எழுத்தில் செய்தி அனுப்புவேன், தமிழில். மாதாகோவிலில் ஒலிபெருக்கி வைக்கத் தொடங்கிய பிறகு மாதப் பூசைக்கும் போவதில்லையாம். போன மாதம் எழுதியிருந்தார்: "பேரன் டேனிஷில் கதைக்கிறான். நல்ல பிள்ளை. ஒரு சொல்லுக்கும் வால் இல்லை. நான் சிரிச்சுக்கொண்டு இருக்கிறன்." அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். இரண்டு முறை நான் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அலுவலகத்தில் என் பழக்கம் ஒன்று மாறியிருக்கிறது. கீழே யார் சீட்டு ஒட்டினாலும், அந்த ஆளின் அறையில் முதலில் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் எழும்புவேன். எந்த இயந்திரத்தையும் நிறுத்தாமல். போன வருடம் களஞ்சியத்துக்கு ஒரு தமிழ்ப் பெண் வேலைக்கு வந்தார். தாழ்வாரத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன அக்கா, பஸ் பிந்திட்டுதோ?" என்று கேட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன்பும் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

அண்ணைக்குப் பிறகு அந்த அறையை யாருக்கும் கொடுக்கவில்லை. திருப்பி வரும் குழாய்களை இப்போது மேல்மாடியிலேயே பார்க்கிறார்கள். கட்டடத்தில் அதைவிட அமைதியான அறை இல்லை. என் கைவேலை அது. துப்புரவாளரின் பட்டியலிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். இன்று காலை ஒரு கம்பி தேடி உள்ளே போனேன். மேசை, கதிரை, சுவரின் அடியில் அந்தப் பஞ்சு மட்டைகள், எல்லாம் அப்படியே இருந்தன. அவர் இருந்த பக்கத்தில் மேசைமேல் சுட்டுவிரலை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்தேன். விரலை உயர்த்திப் பார்த்தேன். நுனி சாம்பல் நிறமாக இருந்தது.

அறையில் நிறையத் தூசி.